மூலமும் உரையும்

மென்பொருள்காரர்களை வீட்டில் வைத்திருப்பவர்களுக்கு ஒரு தீராத சந்தேகம் உண்டு. ராத்திரி பத்து மணிக்கு மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு, விசைப்பலகையில் கையே வைக்காமல், முக்கால் மணி நேரம் திரையை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாரே, இதற்குப் பெயர் வேலையா? ஊரிலிருந்து புனேவுக்கு வந்து எங்களோடு ஒரு மாதம் தங்கியிருந்த மாமனார் இதை நாசூக்காகக் கேட்டார். என்னிடமல்ல, தன் பெண்ணிடம். "மாப்பிள்ளை பொட்டி தட்டுறார்னு சொன்னாங்க. தட்டுற சத்தமே கேக்கலியேம்மா?"

தட்டாத நேரத்தில் படித்துக்கொண்டிருக்கிறோம் என்பதுதான் பதில். யாரோ எப்போதோ எழுதிவைத்துவிட்டுப் போன நிரலை. எழுதியவர் வேலையை விட்டுப் போய்ப் பத்து வருஷம் ஆகியிருக்கும். இந்த இடத்தில் ஏன் ஒன்றைக் கூட்டினார், அந்த இடத்தில் பூஜ்யத்தை மட்டும் ஏன் தனியாகக் கவனித்தார் என்று கேட்க ஆள் இல்லை. புரியாமல் ஒரு வரி சேர்த்தால், சம்பந்தமே இல்லாத வேறு நாலு இடத்தில் புட்டுக்கொள்ளும். இருபத்தைந்து வருஷத்துக்கு மேலாக ஆணி பிடுங்கியதில், குத்துமதிப்பாகச் சொன்னால், நான் எழுதியது ஒரு பங்கு, படித்தது ஒன்பது பங்கு.

ஆனால் படிப்பதை எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. கல்லூரியில் எழுதத்தான் சொன்னார்கள். பகா எண்களைக் கண்டுபிடி, பட்டியலை வரிசைப்படுத்து, ரெக்கார்டு நோட்டில் ஒட்டு, கையெழுத்து வாங்கு. எதுவும் ஐம்பது வரியைத் தாண்டாது, எல்லாம் நாமே எழுதியது. தமிழ் வகுப்பில் ஒரு செய்யுளைக்கூடக் கண்ணில் காட்டாமல் "எழுதுடா வெண்பா" என்றால் எப்படியிருக்கும்? நாங்கள் படித்த கணினிப் படிப்பு அப்படித்தான் இருந்தது. என் பெண் பள்ளியில் பைத்தான் கற்றுக்கொள்வதைப் பார்க்கிறேன். இப்போதும் கிட்டத்தட்ட அதே கதைதான்.

இது எப்போதும் இப்படி இருக்கவில்லை என்பதுதான் ஆச்சரியம். முழு நிரலையும் அச்சடித்துக் கையில் கொடுத்து, வரி வரியாக உரை சொல்லி, மாணவர்களைப் படிக்கவைத்த வாத்தியார் ஒருவர் இருந்தார். சில வருஷங்களிலேயே அப்படிப் படிக்கவைப்பதற்குத் தடை வந்தது. இந்தப் பதிவு அவரைப் பற்றியது.

அதற்கு முன் ஒரு சின்ன முன்கதை. 1971ல் ஜெரால்ட் வைன்பெர்க் என்ற அமெரிக்கர், நிரல் எழுதுபவர்களின் உளவியலைப் பற்றி ஒரு புத்தகம் எழுதினார். அதன் முதல் அத்தியாயமே நிரல்களைப் படிப்பது பற்றித்தான். அந்தக் காலத்தில் நிரலை அட்டைகளில் துளைத்துக் கொடுத்துவிட்டு, முடிவு வர மணிக்கணக்கில் காத்திருக்கவேண்டும். காத்திருக்கும் நேரத்தில் அச்சடித்த தாள்களைப் புரட்டுவார்கள், தன்னுடையதையும் அடுத்தவருடையதையும். திரையும் விசைப்பலகையும் வந்த பிறகு இந்தப் பழக்கம் தேய்கிறது என்று வைன்பெர்க் அப்போதே புலம்பியிருக்கிறார். 1971ல்! எங்கள் பெட்டிகளில் இருபத்தைந்து வரிக்கு மேல் ஒரே நேரத்தில் தெரியாத காலமெல்லாம் அதற்குப் பிறகுதான் வந்தது.

இப்போது வாத்தியாருக்கு வருவோம். பெயர் ஜான் லயன்ஸ். ஆஸ்திரேலியர். கேம்பிரிட்ஜில் முனைவர் பட்டம் வாங்கி, 1972ல் சிட்னியில் நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆசிரியராகச் சேர்ந்தவர். 1974 ஜூலையில், கணினித்துறையின் முக்கிய ஆய்விதழில், அமெரிக்காவின் பெல் லேப்ஸைச் சேர்ந்த டென்னிஸ் ரிச்சியும் கென் தாம்ப்ஸனும் யூனிக்ஸ் என்று ஓர் இயங்குதளம் செய்திருப்பதாக எழுதினார்கள். லயன்ஸ் அதைப் படித்தார். அவருடைய பல்கலைக்கழகம் பெல் லேப்ஸுக்கு எழுதிக் கேட்டு வாங்கியது.

அந்தக் காலத்தில் கேட்டவுடன் கிடைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. பெல் லேப்ஸின் தாய்க் கம்பெனி ஏடி&டி, அமெரிக்காவின் தொலைபேசி ஏகபோகம். 1956ல் அரசாங்கத்தோடு செய்துகொண்ட ஓர் ஒப்பந்தப்படி, தொலைபேசி தவிர்த்த வியாபாரத்தில், அதாவது கணினி வியாபாரத்தில், அவர்கள் இறங்கக்கூடாது. எனவே யூனிக்ஸைக் காசாக்க வழியில்லை. பல்கலைக்கழகங்களுக்குச் சொற்பக் கட்டணத்தில், மூல நிரலோடு கொடுத்துவிட்டார்கள். ஆதரவு கிடையாது, பழுது பார்க்க ஆள் வராது, உன் பாடு. அப்படிச் சொன்னதால்தான் வாங்கியவர்கள் உள்ளே திறந்து படிக்கவேண்டியதாயிற்று. பழுது பார்க்க ஆள் வருவதில்லை என்பது சில சமயம் நல்ல கல்வி.

யூனிக்ஸின் ஆறாம் பதிப்பு 1975ல் வந்தது. அதன் கரு, அதாவது இயந்திரத்தை நேரடியாக ஆளும் பகுதி, 10,000 வரிக்கும் குறைவு. லயன்ஸின் கண்ணில் பட்டது இந்த எண்தான். ஒரு தனி மனிதர் முழுசாகப் புரிந்துகொண்டு பராமரிக்கக்கூடிய நிரலின் உச்ச அளவு ஏறக்குறைய இவ்வளவுதான் என்று அவர் கணித்தார். ஒப்பிட வேண்டுமென்றால், இன்றைக்கு லினக்ஸின் கரு மூன்று கோடி வரிகளுக்கும் மேல். அதை முழுசாகப் படித்தவர் என்று யாரும் இருக்க முடியாது. ஆனால் 1976ல், உலகத்தில் நிஜமாகவே ஓடிக்கொண்டிருந்த ஓர் இயங்குதளத்தை, ஒரு மாணவன் முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை ஒரே வருஷத்தில் படித்துவிட முடிந்தது.

லயன்ஸ் இரண்டு தொகுதிகளாகப் பாடக்குறிப்பைத் தயாரித்தார். 1976ல் வகுப்புக்காக எழுதி, 1977ல் திருத்திய வடிவம். ஒரு தொகுதியில் மூல நிரல் மட்டும். இன்னொன்றில் அதற்கு விளக்கம் மட்டும். நம் ஊர்ப் பதிப்பாளர்கள் அட்டையில் போடுவார்களே, 'மூலமும் உரையும்' என்று, அதேதான். தமிழில் சோர்ஸ் கோடுக்கு 'மூல நிரல்' என்று பெயர் வைத்த புண்ணியவானுக்கு இது தெரிந்திருந்ததா என்று தெரியாது, ஆனால் பொருத்தமோ பொருத்தம்.

மூலத்தை அவர் அச்சிட்ட விதத்திலேயே பாதிப் பாடம் இருக்கிறது. ஒரு தாளில் ஐம்பது ஐம்பது வரியாக இரண்டு பத்தி, ஆக நூறு வரி. ஒவ்வொரு வரிக்கும் நாலு இலக்க எண். முதல் இரண்டு இலக்கம் தாள் எண். 2238ஆம் வரி என்றால் 22ஆம் தாளுக்குப் போகவேண்டும், அவ்வளவு சுலபம். கோப்புகள் இருந்த வரிசையிலேயே அடிக்காமல், படிக்கத் தோதான வரிசையில் மாற்றி அடுக்கினார். பின்னே ஐந்து பகுதிகள்: இயந்திரம் உயிர்பெறுவதும் நிரல்கள் மாறி மாறி ஓடுவதும், குறுக்கீடுகளும் கணினி அழைப்புகளும், வட்டுக்கும் நினைவகத்துக்கும் நடுவே நடக்கும் போக்குவரத்து, கோப்புகள், கடைசியாக அச்சுப்பொறி முனையம் போன்ற எழுத்து எழுத்தாய்ப் பேசும் கருவிகள். எந்தப் பெயர் எந்த வரியில் பிறந்து எந்தெந்த வரிகளில் புழங்குகிறது என்று ஓர் அகராதி வேறு.

நச்சினார்க்கினியரைப் பற்றி ஒரு குறை சொல்வார்கள். பத்துப்பாட்டுக்கு உரை எழுதும்போது, எங்கோ இருக்கும் சொல்லை எடுத்து எங்கோ இருக்கும் சொல்லோடு மாட்டிப் பொருள் சொல்கிறார், ஆற்றொழுக்காகப் படிக்க விடமாட்டேனென்கிறார் என்று. பாட்டில் அது சரியா என்று தமிழாசிரியர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். நிரலில் அதைத் தவிர வேறு வழியே கிடையாது. 1400ஆம் வரியில் கொக்கியை மாட்டிவிட்டு 6200ஆம் வரியில் இழுப்பார்கள். மேலிருந்து கீழே கதைப்புத்தகம் மாதிரிப் படித்துக்கொண்டு போனால் மூன்றாம் பக்கத்தில் தூக்கம் வரும். லயன்ஸ் தந்த அகராதி அந்த மாட்டுக்குத்தான்.

உரைத் தொகுதியில் அவர் செய்த காரியம் இன்னும் அழகு. மின்சாரம் போட்டதும் இயந்திரத்தில் முதலில் ஓடும் ஆணை எது, அடுத்தது எது என்று காலத்தின் வரிசையில் கையைப் பிடித்து அழைத்துப் போகிறார். அதற்கு முன்பாகவே, ஓடும் நிரல் ஒவ்வொன்றுக்கும் கரு வைத்திருக்கும் குறிப்பேடு எது, அதில் என்னென்ன கட்டங்கள் என்று காட்டிவிடுகிறார். முதலில் ஏடுகள், பிறகு செயல்கள். (பிரெட் புரூக்ஸும் 1975ல் வந்த தன் புத்தகத்தில் ஏறக்குறைய இதையே சொன்னார்: செயல் வரைபடத்தைவிட அட்டவணைகளைக் காட்டினால் எனக்குச் சீக்கிரம் விளங்கும் என்று.) மூல ஆசிரியர்கள் மேல் அவருக்குப் பெரிய மரியாதை. முதலில் கோணல்மாணலாகத் தெரியும் பல இடங்கள், யோசிக்க யோசிக்க, இப்படித்தான் செய்ய முடியும் என்று தோன்றிவிடும் என்கிறார். ஆனால் பக்தி இல்லை. இடறும் இடத்தில் இடறுகிறது என்று சொல்கிறார், கேள்வி கேட்டு மாணவரிடமே விட்டுவிடுகிறார்.

அந்த 2238ஆம் வரிக்கு வருகிறேன். எங்கள் துறையில் ஓரளவு வயதானவர்கள் எல்லோருக்கும் தெரிந்த வரி. ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரலை நிறுத்தித் தூங்கவைத்துவிட்டு, தூங்கிக்கொண்டிருந்த இன்னொன்றை எழுப்பி ஓடவிடும் இடம் அது. ஓர் அறைக்குள் ஒருவர் கதவைத் திறந்துகொண்டு போகிறார், அதே கதவு வழியாக வெளியே வருபவர் வேறொருவர். அப்படியொரு மாயம். அங்கே மூல ஆசிரியர்கள் ஒரு குறிப்பு எழுதிவைத்தார்கள்: இது உங்களுக்குப் புரியவேண்டும் என்று எதிர்பார்க்கவில்லை என்ற பொருளில். திமிரைப் பாருங்கள் என்று தலைமுறை தலைமுறையாகப் பேசிக்கொண்டார்கள். பின்னாளில் ரிச்சி விளக்கம் சொன்னார்: சவால் விடவில்லை, 'இது பரீட்சைக்கு வராது' என்று வாத்தியார் சொல்வாரே, அந்தத் தொனியில் எழுதியது. அதோடு ஓர் உண்மையையும் ஒத்துக்கொண்டார். அங்கே என்ன நடக்கிறது என்பது எழுதியவர்களுக்கே அப்போது முழுசாகப் புரிந்திருக்கவில்லை. அந்த உத்தி பிடிபி-11 என்ற இயந்திரத்தின் விசேஷ குணத்தால் ஓடிக்கொண்டிருந்தது. யூனிக்ஸை வேறு வகை இயந்திரத்துக்குக் கொண்டுபோனபோது காலை வாரிவிட்டது, மாற்றி எழுதவேண்டி வந்தது.

எழுதியவர்களுக்கே சரியாகப் பிடிபடாத இடத்தை, சிட்னியில் உட்கார்ந்துகொண்டு, அவர்கள் எழுதியதை மட்டும் படித்து, ஒருவர் மாணவர்களுக்கு விளக்கிக்கொண்டிருந்தார் என்பதை ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

இப்போது வில்லன் நுழையும் நேரம். ஆனால் ஏடி&டியை முழு வில்லனாக்க எனக்கு மனசில்லை. லயன்ஸின் குறிப்புகளைப் பார்த்துப் பெல் லேப்ஸ்காரர்கள் மகிழ்ந்துதான் போனார்கள். யூனிக்ஸ் உரிமம் வைத்திருந்தவர்களுக்குத் தாங்களே விநியோகித்தார்கள். அதற்குள் யூனிக்ஸுக்கு மவுசு கூடிவிட்டது. மூல நிரல் கம்பெனியின் வியாபார ரகசியம் என்று வக்கீல்கள் விழித்துக்கொண்டார்கள். 1979ல் ஏழாம் பதிப்பு வந்தபோது உரிமத்தில் புதிதாக ஒரு நிபந்தனை: மூல நிரலை வகுப்பறையில் பாடமாக நடத்தக்கூடாது. ரகசியத்தை நாற்பது மாணவர்களுக்கு ஒரே நேரத்தில் சொன்னால் அது ரகசியமாக இருக்காது. சட்டப்படி பார்த்தால் அவர்கள் பயம் நியாயம்தான். 1984ல் ஏகபோகம் உடைக்கப்பட்டு, கணினி விற்கத் தடை நீங்கியபோது, வாசல் இன்னும் இறுகச் சாத்தப்பட்டது.

விளைவு என்ன? கருத்துகளை மட்டும் பாடமாக நடத்த ஆரம்பித்தார்கள். வரைபடம், அம்புக்குறி, வரையறை. நிஜமான நிரல் காணாமல் போயிற்று. நான் கல்லூரியில் இயங்குதளங்கள் பற்றி ஒரு பருவம் முழுக்கப் படித்து நல்ல மதிப்பெண்ணும் வாங்கினேன். ஓர் இயங்குதளத்தின் ஒரு வரியைக்கூடக் கண்ணால் பார்த்ததில்லை.

தடை போட்டால் படிக்காமல் இருப்பார்களா? ஜெராக்ஸ் மெஷின் இருந்ததே. லயன்ஸின் குறிப்பு நகலாகி, நகலின் நகலாகி, உலகம் பூராவும் கைமாறியது. கணினித்துறையில் மிக அதிகமாக நகலெடுக்கப்பட்ட புத்தகம் என்று அதற்கு ஒரு பட்டமே உண்டு. நான் முதன்முதலில் பார்த்ததும் அப்படி ஒன்றைத்தான். 1998ல் வேலை கிடைத்துப் புனேவுக்கு வந்த புதிது. கோத்ரூடில் நாலு பேராகச் சேர்ந்து எடுத்த வாடகை வீட்டில், மூத்தவராக இருந்த கும்பகோணத்துக்காரர் ஒருவர் அதை வைத்திருந்தார். ஸ்பைரல் பைண்டிங். எத்தனையாவது தலைமுறை நகலோ, மூன்றுக்கும் எட்டுக்கும் வித்தியாசம் தெரியாது. ஓரத்தில் மூன்று விதமான கையெழுத்தில் பென்சில் குறிப்புகள், ஒன்று தேவநாகரியில். அதற்குள் சட்டப்பூர்வமான பதிப்பு வந்துவிட்டிருந்தது, ஆனால் வெளிநாட்டுப் புத்தகத்தின் விலையும் என் பயிற்சிக்காலச் சம்பளமும் ஒன்றை ஒன்று பார்த்துச் சிரித்த காலம் அது.

அதைப் புரட்டிய நேரம் நல்ல நேரம், ஏனென்றால் பகலில் எனக்கு ஒய்2கே வேலை. இளையவர்களுக்காக: பழைய நிரல்களில் இடத்தை மிச்சம்பிடிக்க வருஷத்தை இரண்டு இலக்கத்தில் எழுதினார்கள், 1999ஐ 99 என்று. 2000 பிறந்ததும் 00 என்பதை 1900 என்று எடுத்துக்கொண்டால் வட்டி, வயசு, தவணை எல்லாம் தாறுமாறாகிவிடும். எனவே உலகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் பழைய நிரலையெல்லாம் யாராவது படித்துத் தேதிகளைத் தேடவேண்டும். அந்த 'யாராவது' பெரும்பாலும் நாம். சென்னையிலும் ஹைதராபாத்திலும் பெங்களூரிலும் புனேயிலும் உட்கார்ந்து, இருபது முப்பது வருஷத்துக்கு முன்னால் எங்கோ எழுதப்பட்ட கோபால் நிரல்களைப் படித்தோம். (கோபால் என்பது நிரல் மொழி. சித்தப்பா பெயரல்ல :-) )

அதைக் கூலி வேலை என்று கேலி செய்தவர்கள் அதிகம். இன்றைக்கும் இந்திய மென்பொருள் வரலாறு எழுதுபவர்கள் அந்தப் பக்கத்தை லேசான கூச்சத்தோடு புரட்டிவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. மனித வரலாற்றில் அவ்வளவு நிரலை அவ்வளவு பேர் உட்கார்ந்து படித்த காலம் அதற்கு முன் இருந்திருக்க வழியில்லை.

கோபால் 1959ல் உருவானபோதே மேலதிகாரிகளும் படிக்கவேண்டும் என்று ஆங்கில வாக்கியம் போல அமைத்த மொழி. இதைக் கூட்டு, அதைப் பெருக்கி இதில் வை என்று சாதாரணமாகப் பேசும். ஒவ்வொரு வரியும் பளிச்சென்று புரியும். நாற்பதாயிரம் வரி படித்த பிறகும் நிரல் என்ன செய்கிறதென்று புரியாது! வரி புரிவது வேறு, நிரல் புரிவது வேறு என்பதை எனக்குக் கற்றுக்கொடுத்தது கோபால்தான்.

நாங்கள் படித்த அமெரிக்கக் காப்பீட்டு நிரலில் பாலிசி முடியும் தேதி என்று ஒரு கட்டம் இருந்தது. பல பாலிசிகளில் அது 99ஆம் வருஷம் டிசம்பர் 31. எல்லோரும் 1999 என்று மாற்றிக்கொண்டே வந்தோம். எங்கள் குழுவில் மதுரைப் பக்கத்துப் பெண் ஒருவர், வேறு விதமாகப் படித்தார். தேதி எங்கெல்லாம் பயன்படுகிறது என்று நாங்கள் தேடிக்கொண்டிருக்க, அந்தக் கட்டத்தில் 99ஐ எழுதுவது யார் என்று அவர் தேடினார். கடைசியில் ஒரே ஓர் இடம் அகப்பட்டது. ஆயுள் முழுமைக்கும் செல்லும் பாலிசி என்றால் அந்தக் கட்டத்தை ஒன்பதுகளால் நிரப்பு என்றிருந்தது. அதாவது 99 என்பது வருஷமே அல்ல, 'முடிவில்லை' என்று அர்த்தம். மாற்றியபடியே விட்டிருந்தால், ஆயுள் முழுக்கப் பணம் கட்டியவர்களின் பாலிசியெல்லாம் புத்தாண்டு இரவில் ஒரேயடியாகக் காலாவதியாகியிருக்கும். நச்சினார்க்கினியர் கேட்டிருந்தால் மகிழ்ந்திருப்பார். அன்றிலிருந்து நான் எந்த நிரலை எடுத்தாலும் முதலில் தேடுவது இதைத்தான்: இந்த ஏட்டில் எழுதுவது யார்? படிப்பவர்கள் நூறு பேர் இருப்பார்கள், எழுதுபவர்கள் இரண்டு மூன்று பேர்தான். அவர்களைப் பிடித்தால் அர்த்தம் பிடிபடும்.

படிப்பது சுலபமா கஷ்டமா என்பதில் பெரியவர்களுக்குள்ளேயே கருத்து வேறுபாடு உண்டு. இயற்கை மொழிகளைப் போலவே, எழுதக் கற்பதைவிடப் படிக்கக் கற்பது எளிது என்பது லயன்ஸின் கட்சி. 2000ல் ஜோயல் ஸ்போல்ஸ்கி என்ற அமெரிக்கர் நெட்ஸ்கேப் கம்பெனியைப் பற்றி எழுதிய கட்டுரையில் நேர்மாறாகச் சொன்னார். எழுதுவதைவிடப் படிப்பது கடினம், அதனால்தான் அடுத்தவர் நிரலைப் பார்த்ததும் எல்லோரும் "குப்பை, தூக்கிப்போட்டுவிட்டுப் புதிதாக எழுதலாம்" என்கிறார்கள், நெட்ஸ்கேப் அப்படிச் செய்துதான் கெட்டது என்று. எனக்கு இரண்டு பேர் சொல்வதும் சரியாகத்தான் படுகிறது. லயன்ஸின் மாணவர்களுக்கு உரையாசிரியர் பக்கத்தில் இருந்தார். நமக்கு யார் இருக்கிறார்கள்?

இல்லாவிட்டால் நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இது: ஒரு நோட்டை வைத்துக்கொள், ஒரே ஒரு நிகழ்வை, ஒருவர் பணம் கட்டுகிறார் என்பது போல, எடுத்துக்கொள், அது உள்ளே நுழைவதிலிருந்து வெளியே போவதுவரை பின்தொடர்ந்து, கண்டதையெல்லாம் தமிழிலோ தங்கிலீஷிலோ எழுது. புரியாத இடத்தில் புரியவில்லை என்றே எழுது. ஒரு வாரம் கழித்துப் பார்த்தால் அந்தப் புரியவில்லைகளில் பாதி தானாகக் கழிந்திருக்கும். மீதிக்கு, அந்த வரி எந்தத் தேதியில் எந்தப் பழுதுக்காகச் சேர்க்கப்பட்டது என்று பழைய பதிவேட்டைத் தோண்டு. லயன்ஸ் காலத்தில் அந்தப் பதிவேடு கிடையாது, நமக்கு இருக்கிறது. பயன்படுத்துபவர்கள்தான் குறைவு.

தடையின் கதையை முடித்துவிடுகிறேன். ஆம்ஸ்டர்டாமில் ஆண்ட்ரூ டனன்பாம் என்ற பேராசிரியர், யூனிக்ஸை வகுப்பில் காட்டக்கூடாது என்ற நிபந்தனையால் வெறுத்துப்போய், அதைப் போலவே நடந்துகொள்ளும் மினிக்ஸ் என்ற சிறு இயங்குதளத்தைத் தானே எழுதினார். 1987ல் தன் பாடப்புத்தகத்தின் பின்னால் ஏறக்குறைய 12,000 வரி மூல நிரலையும் அச்சிட்டார். அந்தப் புத்தகத்தை வாங்கிப் படித்த ஹெல்சின்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ல் லினக்ஸை வெளியிட்டார். இன்று உங்கள் ஆண்ட்ராய்டு கைப்பேசிக்குள் ஓடுவது அதன் வாரிசு. படிக்கத் தடை போட்ட உரிமப் பத்திரத்தின் ஒரு வரி எங்கே போய் முடிந்தது பாருங்கள்.

லயன்ஸின் புத்தகம், யூனிக்ஸ் உரிமை கைமாறி எஸ்சிஓ என்ற கம்பெனியிடம் வந்தபின், அவர்கள் அனுமதியோடு 1996ல் முதல்முறையாக வெளிப்படையாக அச்சானது. எழுதி இருபது வருஷம் கழித்து. உடல்நலம் குன்றி வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்த லயன்ஸ் அப்போது உயிரோடு இருந்தார். 1998 டிசம்பரில் காலமானார். 2002ல் அந்தப் பழைய யூனிக்ஸின் மூல நிரலும் யாரும் படிக்கலாம், பயன்படுத்தலாம் என்று திறந்துவிடப்பட்டது. எம்ஐடியில் லயன்ஸின் புத்தகத்தை வைத்தே பாடம் நடத்திப் பார்த்து, பிடிபி-11ஐ யாரும் இப்போது அறியார்கள் என்பதால், 2006ல் எக்ஸ்வி6 என்று அதே அளவிலான ஒன்றைப் புதிய இயந்திரங்களுக்காக எழுதினார்கள். லயன்ஸ் பாணியிலேயே தாள் எண், வரி எண் போட்ட அச்சுவடிவமும் உண்டு. இலவசம். கல்லூரியில் கணினி படிக்கும் பிள்ளை வீட்டில் இருந்தால் இந்த விடுமுறைக்கு அதை அச்செடுத்துக் கையில் கொடுத்துப் பாருங்கள். இப்போதெல்லாம் கேட்டால் எந்திரமே இரண்டு நிமிஷத்தில் நானூறு வரி எழுதிக் கொடுத்துவிடுகிறது. என் குழுவில் எழுதும் நேரம் சுருங்கிவிட்டது, படிக்கும் நேரம் அதே விகிதத்தில் வீங்கிவிட்டது. மாமனார் இப்போது வந்து பார்த்தால் தட்டுகிற சத்தம் சுத்தமாகவே கேட்காது.

லயன்ஸின் பல்கலைக்கழகத்தில் அவர் பெயரில் இயங்குதளங்களுக்கான பேராசிரியர் இருக்கை ஒன்று ஏற்படுத்தினார்கள். அதை வகித்த கெர்னோட் ஹைசரும் அவரோடு சிட்னியில் இருந்த குழுவும் எஸ்இஎல்4 என்று ஒரு சிறிய இயங்குதளக் கருவை எழுதினார்கள். சி மொழியில் 8,700 வரி, ஏறக்குறைய லயன்ஸ் சொன்ன அதே எல்லை. அது சொன்னபடிதான் நடக்கும் என்று 2009ல் கணித முறையில் நிரூபித்தார்கள். நிரூபணம் மட்டும் சுமார் இரண்டு லட்சம் வரி. 8,700 வரி மூலத்துக்கு இரண்டு லட்சம் வரி உரை! அதை வரி வரியாகப் படித்துச் சரிபார்த்தது மனிதர் அல்ல, இன்னொரு நிரல். அந்த நிரலை யாராவது உட்கார்ந்து படித்திருப்பார்கள் என்று நம்புகிறேன்.